மேல்மலையில் மூன்று மாத வறட்சி: குட்டை வெட்டுவதா, மண்ணைச் சரிசெய்வதா?

1 | கூக்கால் சரிவு

எல்லோருக்கும் வணக்கம். தை பிறந்ததும் கொடைக்கானல் மேல்மலையில் (பழனிமலையின் உயரமான பகுதி) தண்ணீர்த் திண்டாட்டம் தொடங்கிவிடுகிறது. நிலத்தின் விவரம் தருகிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

1 ஏக்கர் 20 சென்ட். சரிவு 25 விழுக்காடு. பழைய படிகள் பாதி சரிந்து கிடக்கின்றன. மேல் ஓரத்தில் ஓர் ஊற்று. கார்த்திகையில் நன்றாக வரும், மாசியில் நூலாக இளைத்துவிடும். ஊற்றுக்கு மேலே சீகைக்காடு (வாட்டில் மரம்). வைகாசியில் பூண்டு, ஐப்பசிக்குப் பிறகு கேரட் அல்லது உருளை. மண் ஆய்வில் அமில கார நிலை 4.8 என்று வந்திருக்கிறது.

33 அடிக்கு 33 அடியில் ஷீட் விரித்துக் குட்டை வெட்டினால் பங்குனி வரை ஏக்கர் முழுவதும் நனைக்கலாம் என்கிறார்கள். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். சரிப்படுமா?

2 | மண்கண்டம்

தம்பி, கடன் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

33 அடி என்பது 10 மீட்டர். 2 மீட்டர் ஆழம், கரைச்சரிவு ஒன்றுக்கு ஒன்று என்று வெட்டினால் அடி 6 மீட்டருக்கு 6 மீட்டர் ஆகிவிடும். கொள்ளளவு ஏறக்குறைய 130 கன மீட்டர், அதாவது 1,30,000 லிட்டர். கேட்க நிறையத் தெரியும்.

வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 3.5 மி.மீ. ஆவியாகும் என்று வைத்தால், 100 சதுர மீட்டர் நீர்ப்பரப்பிலிருந்து தினம் 350 லிட்டர். 90 நாளில் 31,500 லிட்டர் ஆகாயத்துக்குப் போய்விடும். மிச்சம் சுமார் ஒரு லட்சம் லிட்டர்.

பயிரின் தேவை நாளைக்கு 3 மி.மீ. என்றாலும் ஒரு ஏக்கருக்குத் தினம் 12,000 லிட்டர் வேண்டும். ஒரு லட்சத்தை 12,000 ஆல் வகுத்தால் எட்டு நாள். மூன்று மாதமல்ல, எட்டே நாள். அதே தண்ணீரை 10 சென்டுக்கு மட்டும் கொடுத்தால் தினம் 1,200 லிட்டர், எண்பது நாள் வரும்.

ஆக, குட்டை 10 சென்டைக் காப்பாற்றும். மீதி 110 சென்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அந்த வழி மண்ணுக்குள்தான் இருக்கிறது.

3 | கூக்கால் சரிவு

இப்படி யாரும் கணக்குச் சொல்லவில்லை ஐயா. மண்ணுக்குள் என்றால்? மழை பெய்த நான்காம் நாளே காய்ந்துவிடும் மண் இது.

4 | மண்கண்டம்

நான்காம் நாளே காய்கிறது என்றால் மண் தண்ணீரைப் பிடிக்கவில்லை என்று பொருள் அல்ல. வேர் எட்டும் ஆழம் குறைவு என்று பொருள். 4.8 என்ற அந்த எண்ணில்தான் காரணம் இருக்கிறது. 7க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடுதல்.

அமிலம் இந்த அளவு ஏறினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். நுனி தடித்து, கிளை விடாமல் நின்றுவிடும். உழுத ஆழத்துக்குக் கீழே ஈரம் இருந்தாலும் பயிர் மேலே வாடும். ஒரு குழி தோண்டிப் பாருங்கள். ஒரு முழம் அகலம், இரண்டடி ஆழம் போதும். பக்கச் சுவரை ஈர்க்குச்சியால் கீறிவிட்டு, வெள்ளை வேர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். 20 செ.மீ. அளவில் நின்றிருந்தால் நான் சொல்வது சரி.

நடுத்தர வண்டல் மண் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கிற மாதிரி 150 மி.மீ. அளவு தண்ணீர் வைத்திருக்கும். வேர் 20 செ.மீ.யிலிருந்து 35 செ.மீ.க்கு இறங்கினால் கூடுதலாக 22 மி.மீ. கைக்கு வரும். உங்கள் 1 ஏக்கர் 20 சென்டுக்கு அது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். குட்டையின் கொள்ளளவுக்கு ஏறக்குறையச் சமம். ஆவியாதல் குறைவு, ஷீட் வேண்டாம், ஒவ்வொரு நல்ல மழைக்கும் தானாக நிரம்பும்.

செய்யும் முறை: மண் ஆய்வு சொல்லும் அளவுக்கு டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் (இந்த நிலைக்கு ஏக்கருக்கு 800 கிலோ முதல் ஒரு டன் வரை சொல்வார்கள்). மேலே தூவிவிட்டு நின்றால் மேல் நான்கு விரல்கடை மண்தான் திருந்தும். சுண்ணாம்புச் சத்து தானாகக் கீழே இறங்காது. பாதியைத் தூவி ஓரடி ஆழம் கொத்திப் புரட்டி, மீதியைத் தூவி மேலாகக் கிளற வேண்டும். நடவுக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். யூரியாவையோ பச்சைச் சாணத்தையோ அதே நாளில் கலந்தால் தழைச்சத்து ஆவியாகப் பறந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. படிகளைச் சரிசெய்யாமல் 25 விழுக்காடு சரிவில் ஓரடி ஆழம் கொத்திப் போட்டால், சித்திரைக் கோடைமழை ஒன்றே போதும், கொத்திய மண் கீழ்க்காட்டில் கிடக்கும். படி முதலில், கொத்து பிறகு.

5 | ஊற்றுக்கண்

ஊற்றை யாரும் தொடவில்லையே. அதுதான் நிலத்தின் உயிர்.

முதலில் அளவு. 10 லிட்டர் வாளியை ஊற்று வாயில் வைத்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று குறியுங்கள். 40 நொடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளைக்கு 21,600 லிட்டர். மாதத்தில் இரண்டு நாள், 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும், ஒரே நேரத்தில் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். ஓராண்டு எழுதினால் ஊற்று எந்த மழைக்கு எத்தனை வாரம் கழித்து ஏறுகிறது என்பது தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை நின்று ஒரு மாதத்துக்குள் பாதியாகிற ஊற்றுக்கு நீர்ப்பிடிப்பு சின்னது, பக்கத்திலேயே இருக்கிறது. மெதுவாகக் குறைகிற ஊற்றுக்கு மலைக்குள் ஆழமான சேமிப்பு உண்டு. வைத்தியம் இரண்டுக்கும் வேறு.

இரவில் வீணாக ஓடுகிற தண்ணீரைப் பிடித்தாலே பல நிலங்களில் பிரச்சினை பாதி தீரும். மாசியில் நிமிடத்துக்கு 2 லிட்டர்தான் வருகிறது என்று வையுங்கள். அதுவே நாளைக்கு 2,880 லிட்டர். 10 சென்டின் தேவையைப் போல இரு மடங்கு. 3,000 லிட்டர் தொட்டி இருந்தால் குட்டையே தேவைப்படாமல் போகலாம்.

ஊற்றுப் பெட்டி (ஊற்று வாயில் தண்ணீரைப் பிடிக்கக் கட்டும் மூடிய சிறு தொட்டி) கட்டும்போது செய்கிற பெரிய தவறு உபரி நீர்க்குழாயை உயரத்தில் வைப்பது. நிறையத் தேங்கட்டும் என்று ஊற்றுக் கண்ணுக்கு மேலே குழாய் வைப்பார்கள். பெட்டியில் தண்ணீர் ஏறி ஊற்றுக் கண்ணையே அமுக்கும். தண்ணீர் வேறு வெடிப்பைத் தேடிக்கொண்டு பத்தடி தள்ளி வெளியேறிவிடும். போனது திரும்பி வருவது அரிது. உபரிக்குழாய் எப்போதும் கண்ணுக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். சேமிப்புத் தொட்டி தனி, கீழே, தள்ளி.

கண்ணைச் சுற்றிக் கைமண்வெட்டியால் மட்டும் தோண்டுங்கள். கடப்பாரையால் பாறையை நெம்பினால் வெடிப்பு அடைபடலாம். பின்புறம் கோலி அளவு முதல் கோழிமுட்டை அளவு வரை கழுவிய கல் நிரப்பி, முன்புறம் சுவர் எழுப்பி, அடியில் வண்டல் வெளியேற்ற 2 அங்குலக் குழாய், மேலே மூடி. மேல்பக்கம் 15 அடி தள்ளி ஒரு சிறு வடிகால் வெட்டி, மழையில் வரும் கலங்கல் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். அதற்கு மேலே மாடு கட்டக்கூடாது, மருந்து டேங்க் கழுவக்கூடாது.

ஆழ்துளைக் கிணறு யோசனை யாராவது சொன்னால் தவிர்த்துவிடுங்கள். பழனிமலை சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. தண்ணீர் இருப்பது மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான். அந்த வெடிப்பைத் துளை போட்டு இழுத்தால் கீழே இருக்கிற இரண்டு மூன்று ஊற்றுகள் சேர்ந்து வற்றும்.

6 | புல்வெளி

ஊற்றுக்கு மேலே சீகை என்றிருக்கிறீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் வந்த மரம். தோல் பதனிடும் பட்டைக்காகப் புல்வெளிகளில் பரப்பினார்கள். 1973க்கும் 2014க்கும் இடையே பழனிமலையின் இயற்கைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு காட்டியது. புல்வெளி இருந்த இடத்தில் நிற்பது பெரும்பாலும் சீகை, பைன், தைலமரம். புல் மழையை வாங்கி மெல்ல விடும். ஆண்டு முழுக்க இலை தாங்கும் மரக்கூட்டம் வறண்ட மாதத்திலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அதற்காக ஒரே மூச்சில் வெட்டிச் சாய்த்துவிடாதீர்கள். சீகை விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். வெயில் பட்டால், தீப்பட்டால், கம்பளம் விரித்ததுபோல் முளைக்கும். ஒரு மரத்துக்குப் பதில் நூறு கன்று. தீ வைத்துச் சுத்தம் செய்வதைப்போலக் கெடுதல் வேறில்லை.

முதலில் காட்டுக்குள் போய்த் தரையைப் பாருங்கள். முதிர்ந்த சீகை நிழலில் சோலைக் கன்றுகள் (மலையின் இயற்கைக் காட்டு மரக்கன்றுகள்), நாவல் வகைகள் முளைத்து நிற்பது பழனிமலையில் பல இடங்களில் உண்டு. அவை இருந்தால் சீகை அங்கே செவிலித்தாய். சோலைக்கன்று தலைக்கு மேலே நிழல் தரும் கிளையை மட்டும் ஆண்டுக்குக் கொஞ்சமாகக் கழியுங்கள். சோலைக்கன்று இல்லாத, ஊற்றுக்கு நேர் மேலே உள்ள பகுதியில் மூன்றில் ஒரு பங்கு மரம் மட்டும் எடுத்து, அடுத்த இரண்டு ஆண்டும் முளைக்கிற சீகைக் கன்றை ஈரத்தில் வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்க ஆள் இல்லையென்றால் வெட்டவே வேண்டாம்.

இதெல்லாம் பட்டா நிலத்துக்கு. வனத்துறை எல்லைக்குள் என்றால் ஒரு கிளையைத் தொடவும் அனுமதி வேண்டும்.

7 | தாண்டிக்குடி காப்பி

கீழ்மலையில் காப்பித் தோட்டத்துக்குத் தொட்டில் குழி எடுப்பது வழக்கம். வரிசைக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்கே, 6 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். ஒரு குழி 9 கன அடி, 255 லிட்டர் பிடிக்கும். ஏக்கருக்கு 40 குழி என்றால் ஒரு மழைக்கு 10,000 லிட்டர் மண்ணில் இறங்கும். ஒரு வரிசைக் குழி அடுத்த வரிசைக் குழிக்கு நேர்கீழே வராமல் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை குழியில் சேர்ந்த வண்டலை அள்ளிச் செடி அடியில் போட்டால் போன மேல்மண் திரும்பி வரும். கூக்கால் நிலத்துக்கும் இதையே செய்யலாமே?

காப்பிக்காரர்களுக்கு ஒரு சொல். மாசி, பங்குனியில் பூ மழை (காப்பியைப் பூக்க வைக்கும் மழை) தவறினால் தெளிப்பான் வைத்து ஈடுகட்ட 25 மி.மீ. வேண்டும். ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். மேலே ஐயா போட்ட கணக்கில் ஒரு குட்டை முழுவதும் ஒரே ஏக்கருக்கு ஒரே நனைப்பு. பூ விரிந்தபின் இரண்டு மூன்று வாரத்தில் துணை மழையும் வராவிட்டால் அந்தச் செலவும் வீண். அதனால் நிழலும், மண்மேல் பரப்பும் தழை மூடாக்கும்தான் காப்பிக்கு உண்மையான காப்பு. கல்யாண முருங்கைக் கிளையைக் கோடை முடியும் முன்பு கழிக்காதீர்கள்.

8 | மண்கண்டம்

தாண்டிக்குடி நண்பர் சொன்னது மரநிழலுக்குள், வேர் பின்னிய மண்ணுக்குச் சரி. திறந்த காய்கறிக் காட்டுக்கு அப்படியே பொருந்தாது. மேல்மலையில் ஐப்பசி, கார்த்திகையில் நாட்கணக்கில் விடாமல் பெய்யும். தண்ணீர் தேங்கும் குழி, அதற்குக் கீழே செங்குத்தாக வெட்டிய படிச்சுவர், இரண்டும் சேர்ந்தால் மண் ஊறிச் சுவர் கழன்று விழும். 2018 நவம்பரில் கஜா புயல் மழையில் கொடைக்கானல் மலையில் எத்தனை இடத்தில் சரிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சரிவு 33 விழுக்காட்டைத் தாண்டினால், அல்லது கீழே வீடோ சாலையோ இருந்தால், தண்ணீரைத் தேக்கும் குழியே கூடாது. மெதுவாக வடியவிடும் வாய்க்கால்தான்.

கூக்கால் நிலத்துக்கு உள்சரிவுப் படி பொருத்தம். மழை அதிகமுள்ள மலைக்கு இதைத்தான் பரிந்துரைப்பார்கள். நீலகிரியில் உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1950களிலிருந்து சரிவு நிலத்தில் இதை ஆராய்ந்து வருகிறது. அளவுகள்:

படிக்குப் படி உயரம் 1.2 மீட்டர், சுவர்ச்சரிவு அரைக்கு ஒன்று (ஒரு மீட்டர் உயரத்துக்கு அரை மீட்டர் சாய்வு) என்று வைத்தால், 25 விழுக்காடு சரிவில் படியின் அகலம் 1.2 பெருக்கல் (4 கழித்தல் அரை), அதாவது 4.2 மீட்டர். படியின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும் (40க்கு 1). உட்புற ஓரத்தில் ஒரு சாண் வாய்க்கால். நீளவாக்கில் 100க்கு 1 வாட்டம், அதற்கு மேல் வேண்டாம். வாய்க்கால் போய்ச் சேருமிடம் புல் வளர்ந்த அல்லது கல் பாவிய இறங்குவாரி. மண் வாரியில் விட்டால் அங்கேதான் முதல் அரிப்பு.

மட்டம் பிடிக்க விலையுள்ள கருவி வேண்டாம். 2 மீட்டர் நீளமுள்ள இரண்டு கழியை ஏ எழுத்துப்போலக் கட்டி, கால்களுக்கிடையே சரியாக 2 மீட்டர் வரும்படி வைத்து, குறுக்கே ஒரு கழி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல். இரண்டு முளை அடித்து அதன்மேல் சட்டத்தை நிறுத்தி நூல் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி நிறுத்தி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். 100க்கு 1 வாட்டம் வேண்டுமானால் ஒரு காலுக்கு அடியில் 2 செ.மீ. கட்டை ஆணியடித்துவிட்டால் போதும். கட்டை வைத்த கால் எப்போதும் தண்ணீர் போகிற பக்கம் இருக்கட்டும். காற்று வீசும்போது நூல் ஆடும், காலையிலேயே வேலையை முடியுங்கள்.

படி வெட்டும் வரிசையைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். கீழ்ப்படியின் மேல்மண்ணை ஒதுக்கி, அடிமண்ணை வெட்டிச் சமமாக்கியபின், அதற்கு மேலே உள்ள படியின் கருமண்ணை அதன்மேல் இறக்கிப் பரப்புங்கள். அப்படியே ஏறிக்கொண்டே போனால் ஒதுக்கி வைத்த மண் கடைசிப் படிக்கு வந்து சேரும். மேலிருந்து தொடங்கினால் மஞ்சள் அடிமண் மேலே வந்து, இரண்டு மூன்று ஆண்டுக்குப் பூண்டு விரற்கடைகூடத் திரளாது.

இந்த அளவில் வெட்டு ஆழம் படியின் உள்விளிம்பில் 60 செ.மீ. வரும். உங்கள் மண்ணின் ஆழம் ஒரு மீட்டருக்குக் குறைவென்றால் படி உயரத்தை 90 செ.மீ.க்குக் குறையுங்கள், அகலம் 3.15 மீட்டராகும். ஆள் வைத்தே செய்யுங்கள். கொடைக்கானல் வட்டத்தில் மண்வாரி இயந்திரம் இறக்க அனுமதி வாங்க வேண்டும், பழைய படிச்சுவருக்கு அந்த எடையும் ஆகாது.

9 | கூக்கால் சரிவு

படிச்சுவரில் வெட்டிவேர் வைக்கலாமா?

10 | மண்கண்டம்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு உயரத்துக்கு நன்றாக வரும். உங்கள் உயரத்தில் உறைபனியில் நின்றுபோகும். இடத்திலேயே இருக்கும் புல்லை வேரோடு செதுக்காமல் அரிவாளால் அறுத்துக் கொண்டிருந்தாலே சுவர் பிடிக்கும். சுத்தமாக இருக்கட்டும் என்று சுவரைச் செதுக்குவதுதான் படி விழ முதற்காரணம்.

11 | பரண்

தண்ணீர்க் கணக்கோடு சோற்றுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேல்மலையில் விளைவது பூண்டு, கேரட், உருளை, பட்டர் பீன்ஸ், பட்டாணி. வடுகபட்டிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் போகிற சரக்கு. சாப்பிடும் அரிசி கீழேயிருந்து வருகிறது. ஆகவே இங்கே வறட்சி வந்தால் பானை நேராகக் காலியாகாது. முதலில் மகசூல் போகும், அப்புறம் விதைப்பூண்டை விற்பார்கள், அடுத்த வைகாசியில் விதைக்குக் கடன். ஏக்கருக்கு 200 கிலோவுக்கு மேல் விதைப்பூண்டு வேண்டும். விதையை விற்ற வீடு இரண்டு ஆண்டுக்கு எழுந்திருக்காது. ரேஷன் அரிசியால் பட்டினி இல்லை, உண்மை. ஆனால் பருப்பு, கீரை, முட்டை, பால் எல்லாம் கையில் காசு இருந்தால்தான். குறைவது அங்கேதான், பெண்கள் தட்டிலும் பிள்ளைகள் தட்டிலும்.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்கள். மேலே தண்ணீரில்லாத அதே ஆண்டில் கீழே நெல்லும் இல்லை, தீவனமும் இல்லை. இரண்டும் சேர்ந்து வரும் என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

அதனால் குட்டை நனைக்கும் அந்த 10 சென்டில் விற்கும் பயிரை வைக்காதீர்கள் தம்பி. நீர்ப்போக (பாசனத்தில் விளையும்) உருளை 6 சென்ட், பட்டர் பீன்ஸ் 3 சென்ட், கீரையும் முள்ளங்கியும் ஒரு சென்ட். உருளைக்கு விதை 70 கிலோ அளவு, 45 செ.மீ. பாரில் 20 செ.மீ.க்கு ஒன்று. சுமாராக விளைந்தாலும் 350 கிலோ வீட்டுக்கு வரும். நூற்புழு இருக்கும் காட்டில் அதைத் தாங்கும் குஃப்ரி ரகத்தையே கேட்டு வாங்குங்கள். வேரைப் புழு தின்றால் ஈரம் இருந்தும் செடி வறட்சி கண்டதுபோல வாடும்.

மானாவாரியாக 30 சென்டில் சாமை. விதை ஒன்றரைக் கிலோ போதும். நூற்றுச் சொச்சம் கிலோ கிடைத்தால் குத்தினபின் 70 கிலோ அரிசி தேறும். வைக்கோல் மாட்டுக்கு. மண்ணின் ஈரம் குறைந்தால் கருகாமல் நின்று, மழை வந்ததும் மறுபடி தூர் விடுகிற பயிர் அது.

12 | பூம்பாறை மூட்டை

அக்கா சொல்வது நியாயம்தான். ஆனால் 30 சென்டில் சாமை போட்டால் அந்த 30 சென்டின் பூண்டு வருமானம் போச்சே? வட்டி கட்டுகிறவனுக்குச் சாமை எப்படிக் கட்டுபடியாகும்? குத்துவதற்கு மேலே மில்லும் இல்லை.

13 | பரண்

பூண்டு வருமானத்தில் புதிதாக 30 சென்டை இழக்கச் சொல்லவில்லை. எல்லா நிலத்தையும் பூண்டுக்கே வைத்தால் அதே மண்ணில் பூண்டின் மேல் பூண்டு வந்து அழுகல் நோய் தங்கிவிடும். எப்படியும் ஒரு பகுதியை மாற்றுப் பயிருக்கு விட வேண்டும். அந்தப் பகுதியைத்தான் ஆண்டுக்கு ஒரு மூலையாகச் சுற்றிவரச் சொல்கிறேன்.

மில் இல்லை என்பது நிஜமான குறை, அதை மறுக்கவில்லை. சாமை உமி கெட்டி, உரலில் குத்த ஒரு ஆளின் அரைநாள் போய்விடும். நாலைந்து வீட்டுச் சாமையைச் சேர்த்து ஒரே நாளில் கீழே கொண்டுபோனால்தான் வண்டிக் கூலி தாங்கும். அதற்கு வழியில்லாதவர்கள் ராகி போடலாம். ராகிக்கு உமி நீக்கும் வேலை இல்லை, மாவு மில் எல்லா ஊரிலும் உண்டு. 2023 மே மாதம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அது திண்டுக்கல் மலைக்கும் வந்தால் விளைவிப்பவர்களுக்கும் துணிவு வரும்.

விதைப்பூண்டை விற்காமல் வைக்க வேண்டுமென்றால் பரணை முதலில் பாருங்கள். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தண்ணீர் நிறுத்தி, தாளோடு பிடுங்கி நிழலில் உலர்த்தி, கட்டாகக் கட்டி, கீழே புகை போடும் பரணில் தொங்கவிட்டால் மலைப்பூண்டு அடுத்த பருவம் தாண்டியும் நிற்கும். ஈரத்தாளோடு கட்டினால் கட்டின் நடுவிலிருந்து பூசணம். கட்டுக்குக் கட்டு ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள்.

14 | ஊற்றுக்கண்

பூண்டைப் பற்றி ஒன்று. தண்ணீர் குறைவென்றால் எப்போது கொடுப்பது என்பது எவ்வளவு கொடுப்பது என்பதைவிடப் பெரிது. பல் ஊன்றி முளைக்கும் முதல் மூன்று வாரமும், அடிப்பகுதி திரளும் காலமும் தவறக்கூடாது. நடுவில் ஒரு நனைப்பு தள்ளிப்போனால் பயிர் தாங்கும். கேரட்டுக்கு முளைப்புக் காலம்தான் உயிர். அதற்குப் பிறகு காயவிட்டு ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ச்சினால் கிழங்கு நெடுக வெடிக்கும். இப்படி வெடித்ததைச் சந்தையில் கழித்துப்போடுவார்கள்.

15 | சொட்டுநீர்

மலையில் மோட்டார் இல்லாமல் சொட்டுநீர் ஓட்டலாம் என்பது பலருக்குத் தெரிந்தும் தவறாகச் செய்கிறார்கள். 10 மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ அழுத்தம். பாத்திக்கு 10 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் போதும். 40 மீட்டர் மேலிருந்து நேராக இழுத்தால் நான்கு கிலோ அழுத்தத்தில் லேட்டரல் (செடி வரிசையில் ஓடும் மெல்லிய சொட்டுக்குழாய்) பிய்த்துக்கொள்ளும். நடுவில் 500 லிட்டர் டேங்க் ஒன்று வைத்து அழுத்தத்தை உடைத்துவிட வேண்டும்.

மெயின் குழாய் சரிவோடு இறங்கட்டும், லேட்டரல் படியின் நீளவாக்கில் மட்டமாகப் போகட்டும். லேட்டரலைச் சரிவில் இறக்கினால் மேல்முனைச் செடி காயும், கீழ்முனைச் செடி அழுகும். ஊற்றுத் தண்ணீரில் துருப்பாசி வரும், ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று. 120 மெஷ் ஃபில்டரை வாரம் இருமுறை கழுவி, லேட்டரல் கடைசி முனையைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை விட வேண்டும். எலியும் காட்டுப்பன்றியும் தண்ணீர் வாசனைக்குக் குழாயைக் கடிக்கும், அறுவடை முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு மானியம் நூறு விழுக்காடு, மற்றவர்களுக்கு 75. சிட்டா, அடங்கல், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று, நிலவரைபடம் இவற்றோடு தோட்டக்கலை அலுவலகத்தில் பதிய வேண்டும். கொடுக்கும் வரைபடத்தில் மட்டத்தைக் குறித்துக் காட்டுங்கள். சமவெளிக்குப் போடும் வரைபடத்தை அப்படியே மலைக்கும் போட்டுவிடுவது உண்டு.

16 | கூக்கால் சரிவு

மூடாக்கு போட்டால் பனிக்காலத்தில் செடி கருகுகிறது என்று ஊரில் சொல்கிறார்களே, உண்மையா?

17 | மண்கண்டம்

உண்மை, காரணமும் இருக்கிறது. பகலில் மண் வாங்கும் சூடு இரவில் வெளியேறிச் செடியைச் சற்றுக் காக்கும். காய்ந்த புல்லைத் தடிமனாகப் போட்டால் மண்ணுக்குச் சூடும் ஏறாது, ஏறியதும் மேலே வராது. தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் சேர்ந்தால் மூடாக்கின் மேல்தான் முதலில் உறைபனி படியும். எனவே மேல்மலையில் மார்கழி, தையில் தாழ்ந்த பள்ளப் படிகளுக்கு மூடாக்கு வேண்டாம். மண்ணை ஈரமாகவும் கெட்டியாகவும் வைத்திருங்கள். உறைபனி ஓய்ந்த பிறகு, மாசி நடுவில், இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ காய்ந்த புல். சீகைத் தழை போடுவதானால் காய் பிடிக்கும் முன் வெட்டியதாக இருக்கட்டும், இல்லையென்றால் விதையைக் காசு கொடுத்துக் காட்டில் விதைத்த மாதிரி. கீழ்மலையில் இந்த உறைபனிப் பயம் இல்லை, பருவமழை முடியும் கையோடு போடலாம்.

18 | ஊற்றுக்கண்

குட்டை வெட்டியே தீருவதானால் நான்கு செய்திகள்.

ஷீட் 500 மைக்ரான், 14 மீட்டருக்கு 14 மீட்டர். கரைச்சரிவு 2.83 மீட்டர் இருபுறம், அடி 6 மீட்டர், கரையில் புதைக்க இருபுறமும் ஒவ்வொரு மீட்டர். 10 மீட்டர்க் குட்டைக்கு 10 மீட்டர் ஷீட் வாங்கி வந்து நிற்பதைத் தவிர்க்கத்தான் சொல்கிறேன். கரையைச் சுற்றி ஓரடிப் பள்ளத்தில் விளிம்பைப் புதையுங்கள், கல் மட்டும் வைத்தால் காற்று தூக்கும்.

வெட்டியபின் ஒரு மழை பார்த்து, அடியில் ஊறுகிறதா என்று கவனியுங்கள். ஊறினால் ஷீட்டுக்கு அடியில் கல் நிரப்பிய வடிகுழாய் வைக்காமல் விரிக்கக்கூடாது. கீழிருந்து வரும் தண்ணீர் ஷீட்டைக் குடைபோலத் தூக்கிக் கிழித்துவிடும்.

காட்டுமாடு வரும். குளம்பு பட்டால் ஒரே மிதியில் ஓட்டை. வேலி கட்டாயம். வேலிக்கு வெளியே, உபரித் தண்ணீரில், அவற்றுக்கென்று ஒரு சிறு மண்குழி விடுங்கள். குடிக்க இடமிருந்தால் வேலியை முட்டாது. குட்டைக்குள் நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கட்டும். வழவழக்கும் ஷீட்டில் விழுந்த பிள்ளையோ ஆடோ ஏற முடியாது.

கடைசியாக, கீழ்மட்டத்தையும் நினைக்க வேண்டும். இந்த ஓடைகள்தான் பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, மருதாநதி, மஞ்சளாறு அணைகளுக்குப் போகின்றன. மாசியில் ஓடையில் கறுப்புக் குழாய் போட்டு ஒட்ட இழுத்தால் பழனியில் ஒருவர் கிணறு வற்றும். குட்டையை ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் நிரப்புங்கள். உங்கள் நிலத்தில் 25 மி.மீ. பெய்தாலே 1,21,000 லிட்டர் விழுகிறது. அதில் ஓடிப்போவதை மூன்று நான்கு மழைக்குப் பிடித்தால் குட்டை நிறைந்துவிடும். தை பிறந்தபின் ஓடையைத் தொட வேண்டாம்.

19 | கூக்கால் சரிவு

எல்லோருக்கும் நன்றி. எழுதி வைத்துக்கொண்ட வரிசை இது. இந்த மாதமே வாளி வைத்து ஊற்றை அளக்கத் தொடங்குவது, வேர்க்குழி தோண்டுவது. பங்குனியில் ஊற்றுப்பெட்டியும் 3,000 லிட்டர் டேங்கும். சித்திரை மழைக்கு முன் கீழ் ஐந்து படி மட்டும் திருத்தி, அந்தப் படிகளுக்கு மட்டும் டோலமைட். குட்டையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி, மாசி அளவு நிமிடத்துக்கு 2 லிட்டருக்குக் கீழே போனால் மட்டும் வெட்டுவது. டேங்கை ஊற்றுப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடவா?

20 | ஊற்றுக்கண்

வரிசை சரி. டேங்க் பக்கத்தில் வேண்டாம் தம்பி. 3,000 லிட்டர் என்றால் மூன்று டன் எடை, ஊற்று ஈரத்தில் ஊறிய மண் அதைத் தாங்காது. 30 அடியாவது தள்ளி, கெட்டி மண்ணில், நனைக்கும் முதல் படிக்கு 10 மீட்டர் மேலே இடம் பாருங்கள். பெட்டியிலிருந்து டேங்குக்கு வரும் குழாய் எங்கும் மேடேறாமல் இறங்கிக்கொண்டே வரட்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் காற்று அடைத்து, மாசித் தண்ணீர் நூலாக வரும்போது அங்கேயே நின்றுவிடும்.